மண்டபத்து வாசலில் நட்ட முள்முருக்கு

காலி வீதிச் சோதனைச் சாவடியில் எங்கள் ஓட்டோவை மறித்த சிப்பாய்க்கு என்னையும் விளங்கவில்லை, என் மடியில் கிடந்ததையும் விளங்கவில்லை. கிடந்தது ஒரு முள்முருக்கங் கொப்பு. ஆள் உயரத்தை விட நீளம். அடிப்பக்கம் என் மடியில், நுனி ஓட்டோவுக்கு வெளியே. நுகேகொடையிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்ததில் சேலை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"மே மொகக்த?" என்றான். இது என்னவாம்.

"எரபது அத்தக்," என்றேன். முள்முருக்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் எரபது.

மரம் அவனுக்கும் தெரிந்த மரம்தான். நடுப்பகல் வெயிலில் ஒரு தமிழ்ப் பெண் வேலி மரத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏன் போகிறாள் என்பதுதான் அவன் சந்தேகம். இலை இலையாக விலக்கிப் பார்த்தான். முள் குத்தியதும் விரலைச் சூப்பினான்.

"கலியாண வீட்டுக்கு," என்று சிங்களத்தில் சொன்னேன். "இதை வாசலில் நடுவது எங்கள் வழக்கம்."

"யாருடைய கலியாணம்?"

"என் மகனுடையது."

முன்னால் இருந்த ஓட்டோக்காரன் நசீருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு மகனும் இல்லை, மகனைப் பெறுவதற்கு வேண்டிய மற்ற ஏற்பாடுகளும் என் வாழ்க்கையில் நடக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். சிப்பாயின் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லிக் கையைக் காட்டினான்.

கொஞ்சத் தூரம் போனதும் நசீர் திரும்பிப் பார்த்தான். "மிஸ், பொய் செல்ற நேரம் கொஞ்சம் சின்னதா செல்லப்படாதா?"

"சின்னப் பொய்யெண்டால் கிண்டிக் கிண்டிக் கேட்பாங்கள். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

உண்மையில் எனக்குப் பயம் தீரவில்லை. அதை மறைக்கத்தான் அவனை அதட்டினேன். அந்தக் கொப்பு வெள்ளவத்தைக்குப் போய்ச் சேராவிட்டால் அன்று மாலை முப்பது பேருக்கு மேல் தெருவில் நிற்பார்கள்.

லொட்ஜுக்காரர் கைவிரித்தார்

அப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு அரசாங்கக் கந்தோரில் காலமெல்லாம் தட்டெழுத்து அடித்தவள். அதனால் எனக்குச் சிங்களம் வாயில் நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது நிற்கவில்லை. பொலிஸ் பதிவுக்குப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்கு 'டைப்பிஸ்ட் அக்கா' என்று பெயர்.

இன்றைய பிள்ளைகளுக்குப் பதிவென்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டில் வெளியூர்த் தமிழர் தங்கினால், அந்த வீட்டுக்காரர் பொலிஸுக்குப் போய், இவர் என் வீட்டில் இருக்கிறார், நான் பொறுப்பு என்று ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட ஆள் இல்லையென்றால் நீங்கள் எங்குமே இல்லாத ஆள். இளம் பிள்ளைகளை விசாரணைக்கென்று கொண்டுபோவார்கள். மற்றவர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கே திருப்பி அனுப்புவார்கள்.

அது யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். சனம் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் அடைந்து கிடந்தது. அப்படி ஒரு லொட்ஜில்தான் நான் சொல்கிற முப்பது சொச்சம் பேர் இருந்தார்கள். எல்லோரும் வடமராட்சியில் அடுத்தடுத்த ஒழுங்கைகளைச் சேர்ந்தவர்கள். செல்லடியில், வீடுகளின் மேல் குண்டு விழ விழ, ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகவே வந்தவர்கள்.

ஒரு நாள் லொட்ஜுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வெளிக்கிட வேண்டும் என்றார். மேலிடத்துச் சொல்லாம். நான் போய்க் கேட்டபோது, "அக்கா, எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு," என்று கையை விரித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்துப் பார்த்தாலும் வருகிறது.

அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து கதைத்தவர் தவமணி அக்கா ஒருவர்தான். வீட்டைக் காக்கிறேன் என்று புருஷன் ஊரிலேயே நின்றுவிட, மகன் ரூபனோடு வந்தவர். "நாங்கள் என்ன களவெடுத்தனாங்களே, ஒளிச்சு ஓட? இருக்க இடம் தாருங்கோ எண்டுதானே கேக்கிறம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, தெருவில விட்டால் இவனைத்தான் முதல்ல பிடிப்பாங்கள்," என்றார். ரூபனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும்.

தவமணி அக்காவுக்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. ஊரில் ரூபனின் கலியாணத்துக்குப் பொன்னுருக்கி முடிந்து, வாசலில் கன்னிக்கால் என்ற முள்முருக்கங் கொப்பும் நட்டு, முகூர்த்தத்துக்கு முன் செல்லடி தொடங்கிவிட்டது. தாலிக்கென்று உருக்கிய பொன் இன்னும் தாலியாகாமல் தவமணி அக்காவின் சேலை முடிச்சில் இருந்தது. பெண் சுதாவும் தாய் தகப்பனும் அதே கப்பலில் வந்து, அதே லொட்ஜில் கீழ்மாடியில் இருந்தார்கள்.

பொன்னுருக்கிய பிறகு தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கப்பலில் அவனை ஒரு பக்கமும் அவளை மறுபக்கமும் இருத்தி நடுவில் இந்த மனுஷி காவல் இருந்தாராம். லொட்ஜில் இருந்ததோ ஒரே ஒரு படிக்கட்டு. "சுதா ஏறுது, ரூபன் உள்ள போ!" என்ற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். உயிர் போகிற நேரத்திலும் இதென்ன பைத்தியம் என்று நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

இடம் பார்த்த கதை

அடைக்கலம் கொடுக்க இடம் பார்க்கிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். நான் கக்கூசைப் பார்ப்பேன்.

இது எனக்கு இரத்மலானையில் வந்த ஞானம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்தபோது எங்களைக் கொண்டுபோய் இரத்மலானை விமான நிலையத்தில் விட்டார்கள். விமானம் நிறுத்துகிற கொட்டகை. கூரைக்கு ஒரு குறையும் இல்லை, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகும். ஆனால் ஆயிரக்கணக்கான சனத்துக்குக் கக்கூஸ் சில மட்டுமே. பெண்கள் இருட்டுக்காகக் காத்திருந்ததையும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும் பார்த்தவள் நான். நானும் குடிக்காமல் இருந்தவள்தான். அந்த வெட்கத்தை யாருக்கும் மன்னிக்க மாட்டேன்.

ஆகவே நசீரின் ஓட்டோவில் கொழும்பைச் சுற்றினேன். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்த இந்திய வம்சாவளி முதலாளி ஒருவர் ஒருகொடவத்தையில் இருந்த தன் களஞ்சியத்தைத் திறந்து காட்டினார். நல்ல மனுஷன். "தாராளமா இருக்கட்டும்மா, நம்ம ஜனங்கதானே," என்றார். உள்ளே காலை வைத்ததும் மூவருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டது. மூட்டை மூட்டையாகச் செத்தல் மிளகாய். யன்னல் இல்லை, குழாய் ஒன்று, கக்கூஸ் வெளியே, சுற்றிவரக் கொள்கலன் லொறிகள். களஞ்சியத்துக்குள் தமிழரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பொலிஸ் எதைத்தான் நினைக்காது?

நுகேகொடையில் மாலினி இருந்தாள். கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரி, சிங்களத்தி. தன் மேல்மாடி அறைகள் இரண்டையும் ஒழித்துத் தருகிறேன் என்றாள். இரண்டு அறையில் முப்பது பேரா? ஒழுங்கையில் ஆள் சேர்ந்தால் அவளுக்குத்தான் வில்லங்கம். வேண்டாம் என்றேன். தேநீர் தந்தாள். அவளுடைய பின்வேலியைப் பார்த்தபடி குடித்தேன். அந்த வேலியில் நின்ற மரம் எனக்கு அப்போது வெறும் மரம்தான்.

கடைசியில் வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கலியாண மண்டபத்தின் முன்னால் போய் நின்றேன். இதை முதலிலேயே நினைக்காத என்னை என்ன சொல்ல? ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கக்கூஸ்கள், பெரிய தண்ணீர்த் தாங்கி, நூறு பேருக்குச் சமைக்கிற குசினி, பெண் உடுத்துகிற அறை, மாப்பிள்ளை உடுத்துகிற அறை. போர்க்காலத்தில் யார் மண்டபம் எடுத்துக் கலியாணம் செய்தார்கள்? மாதக் கணக்கில் பூட்டியே கிடந்தது.

"இது மங்கல மண்டபம்"

மண்டபத்தின் நிர்வாகத் தலைவரை எல்லோரும் 'பிரெசிடென்ட்' என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற நில அளவையாளர். கோடு கிழித்தது போல வாழ்கிறவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தால் பதில் 'இல்லை' என்பது வெள்ளவத்தைக்கே தெரியும்.

"பிள்ளை, இது மங்கல மண்டபம். மங்கல காரியத்துக்கு மட்டும்தான் குடுக்கிறது எண்டு யாப்பு விதியிலயே இருக்கு. செத்த வீட்டு அந்தியேட்டிக்குக்கூடக் குடுக்கிறேல்லை. அந்தச் சனத்தில சாவுத் துடக்குக்காரரும் இருப்பினம். நாளைக்கு ஆர் இதில கலியாணம் செய்வினம்?"

"இப்ப ஆர் செய்யினம்? புக்கிங் இருக்கோ?"

"இல்லைத்தான். ஆனால் முறை எண்டு ஒண்டு இருக்கு. அதோட, பொலிஸில ஆர் ஒப்பம் வைக்கிறது?"

கடைசியாகச் சொன்னதுதான் முதல் காரணம். அதை மறைக்க முறையை முன்னால் நிறுத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், எனக்கும் பயம்தான். ஆனால் செல்லடியில் செத்தவர்களின் துடக்கைச் சாட்டி உயிரோடு இருக்கிறவர்களைத் தெருவில் விடுகிற முறை என்ன முறை?

அந்தக் கோபத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வியாழக்கிழமை பின்னேரம். படிக்கட்டின் அடியில் நின்றபோது வழக்கமான சத்தம் கேட்டது. "சுதா ஏறுது, ரூபன் உள்ள போ!"

சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முறை வேண்டும் என்கிறாரா? இதோ முறை, படிக்கட்டில் நின்று கத்துகிறது.

மண்டபத்திலேயே கலியாணத்தை வைப்போம் என்று தவமணி அக்காவிடம் சொன்னேன். அவர் சேலை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நல்ல நாள் பார்க்க வேண்டாமே?" என்றார். உடனே கோயில் ஐயரிடம் ஓடினேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆனி முடியப் போகிறது, ஆடியில் கலியாணம் இல்லை, ஆவணியில்தான் முகூர்த்தம் என்றார்.

"கன்னிக்காலை நாளைக்கே நடலாமோ ஐயா?"

"முகூர்த்தத்துக்குக் கிட்டவா நடுகிறதுதான் முறை."

"நட்டால் பிறகு பிடுங்கலாமோ?"

"சிவ சிவா! கலியாணம் முடியாமல் பிடுங்கவே கூடாது."

"அது காணும் ஐயா, வேற ஒண்டும் வேண்டாம்," என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

குரோட்டன் பாத்தி

இப்படித்தான் வெள்ளிக்கிழமை காலை மாலினியின் பின்வேலியில் கொப்பு முறித்துக்கொண்டு நான் சிப்பாயின் முன்னால் வந்து நின்றது.

மண்டபத்து வாசலில் தவமணி அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் குடமும் நவதானியமும் பாலுமாகக் காத்திருந்தார்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து. மண் இருந்தது பிரெசிடென்டின் குரோட்டன் பாத்தியில் மட்டும்தான். இரண்டு குரோட்டன்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிடங்கு கிண்டினேன். கலியாணமே கட்டாத நான் கன்னிக்காலுக்குக் கிடங்கு வெட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மண்வெட்டியாலேயே பதில் சொல்லியிருப்பேன். பெண்கள் மஞ்சள் துணி கட்டி, பாலும் நவதானியமும் இட்டு, கொப்பை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஊற்றி முடிக்கவும் பிரெசிடென்ட் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"ஆரைக் கேட்டு உந்தக் கொப்பை நட்டனீங்கள்?"

"கலியாண மண்டபத்தில கலியாணத்துக்குத்தானே நட்டிருக்கிறன்."

"ஆற்றை கலியாணம்? எப்ப?"

"தவமணி அக்காவின்ர மோன்ர கலியாணம். ஆவணியில."

"ஆவணியிலயோ! பிறகேன் இப்ப நட்டனீங்கள்?"

"இவை பொன்னுருக்கிப்போட்டு வந்தவை. வீட்டில நட்ட கால் நிக்குதோ விழுந்திட்டுதோ தெரியாது. கால் நட ஒரு வாசல் வேணும், பிரெசிடென்ட். இவைக்கு வாசல் இல்லை. அதால இதுதான் இனி இவையின்ர வாசல்."

தவமணி அக்கா சேலை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் பொன்னைக் காட்டினார். பிரெசிடென்ட் அதைப் பார்த்தார். பார்த்த கையோடு காவற்காரனைக் கூப்பிட்டு, கொப்பைப் பிடுங்கச் சொன்னார். அவன் மலைநாட்டுப் பிள்ளை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாங்க ஐயா. கல்யாணத்துக்கு நட்டது. என் கையால வேணாங்க."

"அப்ப நீங்களே பிடுங்குங்கோ," என்றேன். "நாங்கள் ஒருத்தரும் மறிக்க மாட்டம்."

கிட்டே போனார். கையை வைத்தார். அவருக்கும் வீட்டில் கலியாணத்துக்கு இருந்த மகள் ஒருத்தி. அந்தப் பிள்ளையை நினைத்தாரோ, முறையைத்தான் நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை.

"மாப்பிள்ளை பகுதி எத்தினை பேர்?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் சேர்த்து முப்பது சொச்சம். ரெண்டு பகுதியும் இங்கதான் தங்கும்."

அன்று பின்னேரம் ஒருகொடவத்தை முதலாளி தந்த லொறியில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை உடுத்துகிற அறையில் ரூபன், பெண் உடுத்துகிற அறையில் சுதா. தவமணி அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் முழு மண்டபமே கிடந்தது.

சேலைத் திரை

உள்ளே விட்டாரே தவிர, பிரெசிடென்ட் பொலிஸ் பதிவுக்கு வரவில்லை. "பொலிஸ் வந்தால் எனக்கொண்டும் தெரியாது எண்டுதான் சொல்லுவன்," என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவார். என் ஒப்பம் மண்டபத்துக்குச் செல்லாது, மண்டபம் என்னுடையதல்ல. ஆடி முழுக்க அந்தப் பயத்தோடுதான் விடிந்தது.

ஒரு காலை, புட்டு அவிந்துகொண்டிருந்த நேரம், ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஒருவரும் இரண்டு பொலிஸ்காரரும். பாய்களையும் கொடியில் காய்ந்த துணிகளையும் பார்த்துவிட்டு, "மே கட்டிய கவுத?" என்றார் அதிகாரி. யார் இந்தக் கூட்டம்?

காவற்காரன் ஓடிப்போய்ப் பிரெசிடென்டைக் கூட்டி வந்திருந்தான். எல்லோருடைய கண்ணும் அவர் வாயில். சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு நின்றார்கள். தெரியாது என்று அவர் சொன்னால் அங்கேயே பஸ் வரும்.

"மகுல் கெதர கட்டிய," என்றார் பிரெசிடென்ட். கலியாண வீட்டுச் சனம்.

அவரை நான் கட்டிப் பிடித்திருப்பேன். அதிகாரி விடவில்லை, கலியாணம் எப்போது என்று கேட்டார். அடுத்த மாதக் கலியாணத்துக்கு இந்த மாதமே விருந்தாளிகளா? சரி, மாப்பிள்ளையும் பெண்ணும் வரட்டும், என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் தவமணி அக்கா கொடியில் கிடந்த சேலையை உருவிக்கொண்டு ஓடி வந்தார். "கொஞ்சம் நில்லுங்கோ!" என்று அதிகாரியையே மறித்துவிட்டு, சேலையின் ஒரு தலைப்பைச் சுதாவின் தாயிடம் கொடுத்து, மறு தலைப்பைத் தான் பிடித்து, நடுவில் திரை கட்டினார். அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் ரூபனையும் அந்தப் பக்கம் சுதாவையும் வரவிட்டார்.

"அதை இறக்கச் சொல்," என்றார் அதிகாரி என்னிடம்.

"ஏலாது எண்டு சொல்லுங்கோ," என்றார் தவமணி அக்கா. "பொன்னுருக்கினால் தாலி கட்டுமட்டும் முகம் பார்க்கேலாது. கப்பலிலயே நான் விடேல்லை. இவர் துவக்கோட வந்து நிண்டால் விடுவனே?"

எதையும் மென்மையாக்காமல், துப்பாக்கியையும் விடாமல், அப்படியே மொழிபெயர்த்தேன்.

அதிகாரி திரையின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுதாவுக்குக் கண்ணில் நீர். இரண்டு தாய்மாரும் கை வலிக்க வலிக்கச் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பொலிஸ்காரரில் ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். பொய்க்காக யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள் என்று அதிகாரிக்குப் பட்டிருக்க வேண்டும். அன்பாக ஒன்றும் சொல்லவில்லை. "யார் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார்.

பிரெசிடென்ட் தன் பெயரைச் சொன்னார். வீட்டு இலக்கத்தைச் சொன்னார். வீதியைச் சொன்னார். அளந்து அளந்து, தெளிவாகச் சொன்னார். "என் பெயரையும் எழுதுங்கள்," என்றேன். ஒருவர் போதும் என்றார் அதிகாரி. எழுதும்வரை நான் நகரவில்லை.

ஆவணி

ஆவணியில் கலியாணம் நடந்தது. ஒருகொடவத்தை முதலாளி செத்தல் மிளகாய் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். மாலினி பட்டுச் சேலை உடுத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். நசீர் பிரியாணி இல்லாத கலியாணமா என்று அலுத்துக்கொண்டே மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். தாலி ஏறியதும் ரூபன் சுதாவின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தான் என்றால், ஐயரே அவனைத் தட்டி அடுத்த சடங்குக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

நாலாம் நாள் செய்யும் நாலாம் சடங்கு முடிந்த மறுநாள் காலை நான் மண்டபத்துக்குப் போனேன். பெண்கள் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குசினிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பையும் அணைத்துவிட்டிருந்தார்கள். கலியாணத்துக்கென்று தந்த மண்டபம், கலியாணம் முடிந்துவிட்டது, சொல்லுமுன் நாங்களே போவதுதான் மரியாதை என்றார் தவமணி அக்கா. எங்கே போவீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு மூட்டையோடு படியில் நின்றார்கள்.

இந்தக் கதையில் முதல் தடவையாக எனக்கு ஒரு உபாயமும் தோன்றவில்லை.

அந்த நேரம் பிரெசிடென்ட் வந்தார். மூட்டைகளைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஆர் உங்களைப் போகச் சொன்னது?"

"கலியாணம் முடிஞ்சுதே ஐயா," என்றார் தவமணி அக்கா.

"கலியாணம் முடிஞ்சால்? நான் பேர் குடுத்துப் பதிஞ்ச ஆக்கள் நீங்கள். நாளைக்கு அவன் வந்து என்ர ஆக்கள் எங்க எண்டு கேட்டால் நான் ஆரைக் காட்டுறது?" சத்தம் போட்டுத்தான் கேட்டார். குசினிப் பக்கம் திரும்பினார். "அடுப்பை ஏன் நூத்தனீங்கள்? சனம் மத்தியானம் என்ன தின்னும்?"

கப்பலிலும் லொட்ஜிலும் பொலிஸின் முன்னாலும் அழாத தவமணி அக்கா, அந்த முற்றத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். பிரெசிடென்ட் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, தான் கட்டிய மூட்டையை அவிழ்த்தார். நான் குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.